எந்த ஆசிட்டுக்கு எந்த உலோகம்?

"ஆசிட் வேலையா? எஸ்.எஸ். போடுங்கள். இன்னும் பத்திரமாக இருக்க வேண்டுமா? 316 போடுங்கள்." தொட்டி, பம்ப், வால்வு வாங்கும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் ஆலோசனை இது. எஸ்.எஸ். என்பது துருப்பிடிக்காத எஃகு, அதாவது எவர்சில்வர். 304, 316 அதன் ரகங்கள்; 316 விலை கூடியது. இதற்குப் பின்னால் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. அமிலம் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு அரிக்கும் என்பது ஒன்று. விலை ஏற ஏற உலோகம் எல்லா அமிலத்தையும் தாங்கும் என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு.

98 சதவீதக் கந்தக அமிலத்தைச் சாதாரண இரும்புத் தகட்டில் செய்த தொட்டியில்தான் உலகம் முழுவதும் வருடக்கணக்கில் சேமித்து வைக்கிறார்கள். அதே அமிலத்தில் தண்ணீர் கலந்து 30 சதவீதமாக்கினால் அந்தத் தொட்டி வேகமாகக் கரையத் தொடங்கிவிடும். நைட்ரிக் அமிலத்தில் நன்றாக உழைக்கும் 304 ரக எவர்சில்வர், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நிற்காது. விலை உயர்ந்த டைட்டானியத்தை ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் விரைவில் தின்றுவிடும்; அதே அமிலம் நீரற்ற நிலையில் இருந்தால் மலிவான கார்பன் ஸ்டீல், அதாவது சாதாரண இரும்புத் தகடு, அதைத் தாங்கும்.

இவையெல்லாம் விதிவிலக்குகள் அல்ல. ஒரே ஒரு விதியின் வெவ்வேறு முகங்கள். அந்த விதி புரிந்துவிட்டால், பட்டியலை மனப்பாடம் செய்யாமலே சரியான கேள்விகளைக் கேட்க முடியும்.

## அமிலம் உலோகத்தை என்ன செய்கிறது?

உலோக அணுக்களுக்கு எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் இயல்பு உண்டு. எலக்ட்ரானை இழந்த அணு அயனியாகிக் கரைசலுக்குள் போய்விடுகிறது. திடமாக இருந்த தகடு அணு அணுவாகத் திரவத்துக்குள் இறங்குவதைத்தான் அரிப்பு என்கிறோம்.

ஆனால் விட்டுக்கொடுத்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள எதிரில் யாராவது வேண்டும். அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் அயனிகள் நிறைய இருக்கின்றன. அவை எலக்ட்ரானை வாங்கி ஹைட்ரஜன் வாயுவாகிக் குமிழ்களாக மேலே வருகின்றன. ஆய்வகத்தில் துத்தநாகத் துண்டை அமிலத்தில் போட்டதும் நுரைத்துக்கொண்டு வருவது அதுதான்.

கொடுப்பதும் வாங்குவதும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் நடந்தாக வேண்டும். ஒன்று நின்றால் மற்றதும் நின்றுவிடும். தங்கம், பிளாட்டினம் போன்றவை எலக்ட்ரானை எளிதில் விடாது. அதனால் பெரும்பாலான அமிலங்களில் அப்படியே இருக்கின்றன. ஆனால் யாரும் தங்கத்தில் தொட்டி கட்டப்போவதில்லை. தொழிற்சாலையில் நாம் பயன்படுத்தும் இரும்பு, குரோமியம், டைட்டானியம், அலுமினியம் எல்லாமே எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுக்கக்கூடியவை. அப்படியென்றால் இவை எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

## பொருக்கு என்னும் பாதுகாப்பு

காயம் பட்ட இடத்தில் பொருக்கு கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அது வெளியிலிருந்து ஒட்டிய பொருள் அல்ல, காயமே உருவாக்கிக்கொண்டது. கட்டியபின் உள்ளே இருப்பதைக் காக்கிறது. தேய்த்தால் பெயர்ந்துவிடும். தண்ணீரில் ஊறினால் இளகிவிடும். பெயர்ந்த இடத்தில் மறுபடி கட்டச் சூழ்நிலை ஒத்துழைக்க வேண்டும்.

உலோகத்திலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. அரிப்பு தொடங்கிய கணத்திலேயே, அந்த அரிப்பில் பிறந்த பொருள் மேற்பரப்பில் ஒரு படலமாகப் படிகிறது. அந்தப் படலம் இறுக்கமாகவும் கரையாமலும் இருந்தால் அமிலத்தால் உள்ளே போக முடியாது. அரிப்பு ஏறக்குறைய நின்றுவிடும். உலோகம் இப்படிப் படலத்துக்குள் அடங்கிக் கிடப்பதைச் செயலற்ற நிலை என்கிறார்கள்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் பொங்கிக் கரையும் இரும்பு, அடர்ந்த நைட்ரிக் அமிலத்தில் சும்மா கிடப்பதை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கவனித்துவிட்டார்கள். 1836-இல் வேதியியலர் ஷோன்பைன் அதை விரிவாக ஆராய்ந்தார். விஞ்ஞானி ஃபாரடேயும் அதே காலத்தில் அதில் ஈடுபட்டார். கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் இருக்க வேண்டும் என்று ஃபாரடே ஊகித்தார்.

துருப்பிடிக்காத எஃகின் ரகசியமும் இதுவே. இரும்புடன் சுமார் 10.5 சதவீதத்துக்கு மேல் குரோமியம் சேர்ந்தால், காற்றிலோ நீரிலோ உள்ள ஆக்சிஜனைக் கொண்டு மேலே குரோமியம் ஆக்சைடு படலம் தானாக உருவாகிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். கீறல் விழுந்தாலும், சுற்றிலும் ஆக்சிஜன் இருந்தால் உடனே மீண்டும் உருவாகிவிடும்.

ஆக, நாம் நம்பியிருப்பது உலோகத்தின் வலிமையை அல்ல, அதன் மேல் இருக்கும் படலத்தை. எந்த உலோகத்தைப் பார்த்தாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த அமிலம் அந்தப் படலத்தை வளர்க்குமா, கரைக்குமா?

## அமிலங்களில் இரண்டு குணம்

நைட்ரிக் அமிலம் தானே எலக்ட்ரானைப் பறித்து, உலோகத்தின் மேல் ஆக்சைடு உருவாக உதவும். இப்படிப்பட்டதை ஆக்சிஜனேற்றும் அமிலம் என்கிறோம். ஹைட்ரோகுளோரிக் அமிலம், நீர்த்த கந்தக அமிலம், ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் ஆகியவற்றுக்கு அந்தத் திறன் இல்லை. அவற்றில் எலக்ட்ரானை வாங்குவது பெரும்பாலும் ஹைட்ரஜன் அயனி மட்டுமே. இவற்றை ஒடுக்கும் அமிலங்கள் என்கிறார்கள்.

முதல் வகைக்குக் குரோமியம், டைட்டானியம் போல ஆக்சைடு படலத்தை நம்பும் உலோகங்கள் பொருந்தும். இரண்டாம் வகையில் அந்தப் படலம் உருவாகவோ நிலைக்கவோ சிரமப்படும். அங்கே நிக்கல், மாலிப்டினம், தாமிரம் போல இயல்பிலேயே மெதுவாகக் கரையும் உலோகங்கள் கலந்த கலவைகள் தேவைப்படும்.

இந்த இரண்டு வரிகளைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது என்பது என் கருத்து. தவறான தேர்வுகளில் பெரும்பாலானவை இந்தப் பிரிவைக் கவனிக்காமல் செய்தவையே.

## கந்தக அமிலம்: ஒரே பெயர், இரண்டு குணம்

கந்தக அமிலத்தைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது. நீர் குறைந்த நிலையில், அதாவது 93 முதல் 98 சதவீதம் வரை, இரும்பைத் தொட்டதும் இரும்பு சல்பேட் உண்டாகிறது. அந்த அடர்ந்த அமிலத்தில் இரும்பு சல்பேட் கரையாது. அதனால் சுவரில் படிந்து நிற்கிறது. அதுதான் சாதாரண இரும்புத் தொட்டியைக் காப்பாற்றும் பொருக்கு. நீர் அதிகமானால் சல்பேட் கரைந்துபோய்விடும். 70 சதவீதத்துக்குக் கீழே போனால் கார்பன் ஸ்டீல் தாங்காது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். இரும்பு சல்பேட் படலம் குரோமியம் ஆக்சைடு போல உறுதியானது அல்ல. மென்மையானது, ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படும். ஆகவே கார்பன் ஸ்டீல் குழாயில் அடர்ந்த அமிலத்தை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். விநாடிக்கு ஒரு மீட்டருக்குக் கீழே வைப்பது வழக்கம். தொட்டிக்குக் கார்பன் ஸ்டீல் போதும், அதே அமிலத்தைத் தள்ளும் பம்ப்புக்கு அது போதாது. தொட்டியையும் பம்ப்பையும் ஒரே பொருளில் கேட்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். தொட்டியின் பக்கவாட்டில் இருக்கும் ஆள்நுழைவாயின் உள்ளே, மேல் பக்கத்தில் மட்டும் நீள நீளமாகப் பள்ளங்கள் விழும். மெதுவான அரிப்பில் உண்டாகும் ஹைட்ரஜன் குமிழ்கள் மேற்கூரையை ஒட்டி ஒரே தடத்தில் ஊர்ந்து போகும்போது, அந்தத் தடத்தில் உள்ள சல்பேட் மட்டும் உரிந்துவிடுகிறது. வாயுக்குமிழ் உரசியே இரும்பில் பள்ளம் விழுகிறது என்றால் அந்தப் படலம் எவ்வளவு மென்மையானது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடர்ந்த கந்தக அமிலம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். தொட்டி காலியாகும்போது ஈரக்காற்று உள்ளே வந்தால், சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய அமிலப்பூச்சு நீர்த்துப்போய் அந்த இடத்தை மட்டும் தின்னும். கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தொட்டியைக் கழுவுவது அதைவிட மோசம்: நீர்த்த அமிலமும் கிடைக்கிறது, கலப்பதால் சூடும் கிடைக்கிறது.

இடைப்பட்ட செறிவுகள்தான் உண்மையான தலைவலி. அங்கே கார்பன் ஸ்டீலும் நிற்காது, 304-உம் 316-உம் நம்பத்தக்கவை அல்ல. 1951-இல் கந்தக அமிலத்தை மனத்தில் வைத்தே உருவாக்கிய அலாய் 20 இங்கே வருகிறது. நிக்கல், குரோமியத்துடன் மாலிப்டினமும் தாமிரமும் சேர்ந்தது அது. சுமார் 14.5 சதவீதம் சிலிக்கான் கலந்த வார்ப்பிரும்பு, கந்தக அமிலத்தின் எல்லாச் செறிவுகளையும் நன்றாகத் தாங்கும். ஆனால் தட்டினால் உடையும், திடீர் வெப்ப மாற்றத்தில் வெடிக்கும். ஈயமும் ஒரு பழைய தோழன். 1746-இல் ஜான் ரோபக் பர்மிங்காமில் கண்ணாடிக் கலங்களுக்குப் பதிலாக ஈய அறைகளில் கந்தக அமிலம் தயாரிக்கத் தொடங்கினார். ஈயத்தின் மேல் கரையாத ஈய சல்பேட் படிவதால்தான் அது சாத்தியமானது.

சுருக்கமாக, கந்தக அமிலத்துக்கு எது என்று கேட்டால் பதில் கிடையாது. எத்தனை சதவீதம், எவ்வளவு சூடு, என்ன வேகம் என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் உண்டு.

## நைட்ரிக் அமிலம்

இது எளிது. 65 சதவீதம் வரையிலான நைட்ரிக் அமிலத்துக்கு 304எல் ரகம்தான் (கார்பன் குறைந்த 304) வழக்கமான தேர்வு. கூடுதல் பணம் கொடுத்து 316 வாங்கினால் கூடுதல் பயன் கிடையாது. அதில் உள்ள மாலிப்டினம் நைட்ரிக் அமிலத்தில் உதவாது. மிக அடர்ந்த நைட்ரிக் அமிலத்தில் கதை மாறுகிறது: ஆக்சிஜனேற்றம் அளவுக்கு மீறிப்போய்க் குரோமியம் ஆக்சைடே கரையத் தொடங்கும். அங்கே அலுமினியம் வருகிறது. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைந்துபோகும் அதே அலுமினியம், 80 சதவீதத்துக்கு மேல் நன்றாக நிற்கும்.

டைட்டானியமும் நைட்ரிக் அமிலத்தில் சிறப்பாக உழைக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும்: சிவந்த புகை விடும், நீர் மிகக் குறைந்த நைட்ரிக் அமிலத்தில் டைட்டானியம் வெடிக்கும் ஆபத்து உண்டு.

## ஹைட்ரோகுளோரிக் அமிலம்

குளோரைடு அயனி குரோமியம் ஆக்சைடு படலத்தைத் துளைத்துவிடும். ஒடுக்கும் அமிலம் என்பதால் துளைத்த இடத்தில் படலம் மீண்டும் உருவாகவும் வழியில்லை. 304, 316 இரண்டையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. எந்தச் செறிவிலும் கூடாது.

உலோகம்தான் வேண்டும் என்றால் நிக்கலுடன் சுமார் 28 சதவீதம் மாலிப்டினம் கலந்த பி-2 போன்ற கலவை இருக்கிறது. தூய ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எந்தச் செறிவிலும், கொதிநிலை வரைக்கும் அது நன்றாகத் தாங்கும். சிர்கோனியமும் நல்லது. டான்டலம் மிக நல்லது, விலையும் அப்படியே.

"தூய" என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அடுத்து வருவதைத்தான் சொல்வேன். முன்னால் உள்ள இரும்புக் குழாய் ஒன்றிலிருந்து கொஞ்சம் துரு கரைந்து, ஃபெரிக் அயனியாக அமிலத்தில் கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபெரிக் அயனி எலக்ட்ரானை ஆவலோடு வாங்கக்கூடியது. அதாவது, ஒடுக்கும் அமிலமாக இருந்தது இப்போது ஆக்சிஜனேற்றும் தன்மை பெற்றுவிடுகிறது. குரோமியம் ஏறக்குறைய இல்லாத பி-2 கலவையிடம் இதை எதிர்கொள்ளப் படலம் இல்லை. அரிப்பு மளமளவென்று ஏறும். சிர்கோனியத்திலும் குழி விழத் தொடங்கும். ஆனால் தூய ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தடுமாறும் டைட்டானியம், அந்தச் சிறிதளவு ஃபெரிக் அயனியால் ஆக்சைடு படலம் பெற்றுப் பிழைத்துக்கொள்ளும்!

ஒரே மாசு ஒரு உலோகத்தைக் கொல்கிறது, இன்னொன்றைக் காப்பாற்றுகிறது. புட்டியில் ஒட்டிய அமிலத்தின் பெயரை மட்டும் வைத்து உலோகம் தேர்வது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மாசு வரும் என்று தெரிந்தால், குரோமியமும் மாலிப்டினமும் தலா சுமார் 16 சதவீதம் உள்ள சி-276 போன்ற நிக்கல் கலவை இரு பக்கமும் ஓரளவு சமாளிக்கும். ஆனால் சூடான, அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அதற்கும் எல்லை உண்டு.

## ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் பாஸ்பாரிக் அமிலமும்

ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் ஆக்சைடுகளையே தாக்கும். கண்ணாடியைக் கரைப்பதும் அதனால்தான். ஆக்சைடை நம்பியிருக்கும் டைட்டானியம், சிர்கோனியம், டான்டலம் மூன்றும் இங்கே தோற்கும். நிக்கலும் தாமிரமும் கலந்த மோனல் 400, ஆக்சிஜன் புகாத வரைக்கும், நன்றாக உழைக்கும். நீரற்ற நிலையில் கார்பன் ஸ்டீலின் மேல் இரும்பு ஃபுளோரைடு படலம் உண்டாகிக் காக்கும். இந்த அமிலம் உடலில் பட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், இதற்கான பொருள் தேர்வில் அனுபவமுள்ளவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

தூய பாஸ்பாரிக் அமிலத்துக்கு 316எல் பெரும்பாலும் போதும். உரத்துக்காகப் பாறையிலிருந்து எடுக்கும் அமிலத்தில் ஃபுளோரைடும் குளோரைடும் கலந்திருக்கும். அதற்கு இன்னும் உயர்ந்த கலவை வேண்டும்.

## எவ்வளவு வேகத்தில், எந்த இடத்தில்?

எந்த உலோகமும் அறவே அரிக்கப்படாமல் இருப்பதில்லை. அதனால் வருடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் தேய்கிறது என்று அளக்கிறார்கள். 0.1 மி.மீ.க்குக் கீழே என்றால் மிக நன்று. 0.5 மி.மீ. வரை தடித்த தொட்டிக்கு ஏற்கலாம். ஆனால் மெல்லிய வால்வு இருக்கைக்கு அது மிக அதிகம். தொட்டி வடிவமைக்கும்போது அரிப்புக்கென்றே கூடுதலாக 3 மி.மீ. போல் தடிமன் சேர்ப்பது வழக்கம்.

இந்தக் கணக்கு தகடு எங்கும் சீராகத் தேயும்போதுதான் செல்லும். படலத்தை நம்பும் உலோகங்கள் பெரும்பாலும் சீராகத் தேய்வதில்லை. படலம் ஒரு புள்ளியில் மட்டும் உடைந்து குழி விழும். தகடு முழுவதும் பளபளவென்று இருக்க, ஊசித்துளை ஒன்று மறுபக்கம் வரை போய்விடும். கேஸ்கட்டின் அடியில், போல்ட்டின் இடுக்கில், ஆக்சிஜன் போய்ச் சேராத இடத்தில் இது அதிகம். சூடான நிலையில், தோராயமாக 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளோரைடும் இழுவிசையும் சேர்ந்தால் 304-உம் 316-உம் தேயாமலே விரிசல் விடும்.

வெல்டிங்கும் ஒரு பலவீனம். துருப்பிடிக்காத எஃகை 425 முதல் 815 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் சற்று நேரம் வைத்தால், உள்ளே இருக்கும் கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு கார்பைடாகப் படியும். வெல்டிங் தையலை ஒட்டிய பகுதியில் குரோமியம் குறைந்து, அமிலம் அங்கே கோடு போட்டதுபோல் வெட்டும். 304எல், 316எல் ரகங்களில் வரும் "எல்" கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பதைக் குறிக்கிறது. அமிலத்துக்காக வெல்டிங் செய்து கட்டும் எதற்கும் "எல்" ரகமே கேளுங்கள்.

## வாங்கும் முன்

விற்பவர் தரும் பொருத்த அட்டவணையில் "நன்று" என்று எழுதியிருந்தால், எந்தச் செறிவில், எந்த வெப்பநிலையில் என்று கேளுங்கள். பல அட்டவணைகள் அறை வெப்பநிலையில் தூய அமிலத்துக்கானவை. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் அரிப்பு வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தோராயக் கணக்கு; படலம் உடையும் எல்லையைத் தாண்டிவிட்டால் அந்தக் கணக்கும் உதவாது. வழக்கமான வெப்பநிலையை மட்டும் சொல்லாமல், நீராவியில் கழுவும் நாளின் வெப்பநிலையையும், ஆலை நின்றிருக்கும் நாளில் உள்ளே தேங்குவது என்ன என்பதையும் சொல்லுங்கள். பழுதுகள் பல இப்படிப்பட்ட நாட்களில்தான் தொடங்குகின்றன.

முடிந்தால், நீங்கள் பயன்படுத்தும் அமிலத்தையே எடுத்து, எடை பார்த்த சிறு தகடுகளை அதில் சில வாரங்கள் தொங்கவிட்டு, மீண்டும் எடை பாருங்கள். வெல்டிங் செய்த தகடு ஒன்றும், இடுக்கு வைத்த தகடு ஒன்றும் அவற்றில் இருக்கட்டும்.

உலோகமே வேண்டாம் என்பதும் ஒரு நல்ல முடிவு. ஹைட்ரோகுளோரிக் அமிலத் தொட்டிகளில் பெரும்பாலானவை உள்ளே ரப்பர் பூசிய இரும்போ, நாரிழை சேர்த்த பிளாஸ்டிக்கோதான். சூடு குறைவாக இருந்தால் விலை உயர்ந்த நிக்கல் கலவையைத் தேடும் முன் இவற்றைப் பாருங்கள்.

அப்புறம், இரும்புத் தொட்டியில் அமிலம் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அரிப்பு எவ்வளவு மெதுவாக நடந்தாலும் ஹைட்ரஜன் வந்துகொண்டேதான் இருக்கும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். காலியாகத் தெரியும் தொட்டியின் உச்சியில் அது தங்கியிருக்கலாம். காற்றோட்டக் குழாயைத் திறந்து வைத்திருங்கள். உள்ளிருக்கும் வாயுவை வெளியேற்றி, கருவியால் அளந்து பார்க்கும் வரை, அந்தத் தொட்டியின் மேலோ அருகிலோ வெல்டிங், கட்டிங், கிரைண்டிங் எதுவும் செய்யக் கூடாது.